குட்டையில் விட்ட கொடுவாவை பெல்லட் தின்னப் பழக்குவது எப்படி?

பழக்கலாம். ஆனால் கரையில் நின்றுகொண்டு குட்டைக்குள் பெல்லட்டை, அதாவது உருண்டைத் தீவனத்தை, வீசி வீசிக் கொடுவா மீனைப் பழக்க முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இன்னும் நாலு மூட்டை வீசிவிட்டுத்தான் வந்து நிற்பீர்கள்.

நீங்கள் எழுதியதில் எனக்குப் புரிந்தது இவ்வளவு: முக்கால் ஏக்கர், முன்பு இறால் போட்ட குட்டை. தை மாதத்தில் ஒன்றரை அங்குலக் கொடுவாக் குஞ்சு 1500 வாங்கி நேராகக் குட்டையில் விட்டிருக்கிறீர்கள். குட்டையில் ஜிலேபி மீன் (திலாப்பியா) ஏற்கனவே இருந்தது. இப்போது பங்குனி, கண்ணில் படும் மீன் 5, 6 அங்குலம் இருக்கிறது. கெண்டைக்குப் போடும் மிதவைத் தீவனம், 28 சதவீதப் புரதம், இருபது நாளாகப் போடுகிறீர்கள், ஜிலேபிதான் மொய்த்துத் தின்கிறது, கொடுவா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. என்ன செய்யலாம்?

கொடுவாவின் இடத்திலிருந்து கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அது கண்ணால் பார்த்து, அசைவதைத் துரத்தி, ஒரே உறிஞ்சலில் முழுசாக விழுங்குகிற மீன். குட்டை முழுக்க ஜிலேபிக் குஞ்சு துள்ளிக்கொண்டிருக்கிறது, மாதத்துக்கு ஒரு முறை புதுசாக வேறு பொரிக்கிறது. அதை விட்டுவிட்டு, மேலே செத்தது மாதிரி மிதக்கிற பழுப்பு உருண்டையை அது ஏன் தொட வேண்டும்? வீட்டில் பிரியாணி கொதிக்கும்போது யாராவது ரேஷன் கடை வரிசையில் நிற்பார்களா? மீனுக்கு பெல்லட் பிடிக்கவில்லை என்பதல்ல விஷயம், பெல்லட்டை உணவு என்று அது இன்னும் அடையாளம் கண்டதே இல்லை. பழக்குவது என்றால் அந்த அடையாளத்தை உண்டாக்குவதுதான், அதற்கு மூன்று தேவை: வேறு இரை இருக்கக் கூடாது, மீன் நெருக்கமாக இருக்க வேண்டும், எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும்.

இந்த மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். கொடுவா தன் இனத்தையே தின்னும். தன் நீளத்தில் ஏறக்குறைய 60 சதவீதம் வரை உள்ள இன்னொரு கொடுவாவை அதனால் விழுங்க முடியும். உங்கள் குட்டையில் கண்ணில் படுவது 5, 6 அங்குலம் என்கிறீர்கள். கண்ணில் படாமல் ஓரத்தில் 9 அங்குலத்தில் சில கட்டாயம் இருக்கும், பண்ணைக்காரர்கள் ஷூட்டர் என்பார்கள். 9 அங்குலத்துக்கு 60 சதவீதம் என்றால் 5.4 அங்குலம். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். 1500 விட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், தரம் பிரிக்காமல் இரண்டு மாதம் கிடந்த குட்டையில் இப்போது எத்தனை இருக்கிறது என்பது வலை போட்டால்தான் தெரியும். பாதி இருந்தாலே நான் சந்தோஷப்படுவேன். சின்னக் குஞ்சில் இது இன்னும் மோசம், பாதி விழுங்கின குஞ்சு வாயில் சிக்கி, வெளியே துப்பவும் முடியாமல் இரண்டும் சேர்ந்து செத்து மிதக்கும். காலையில் ஹாப்பாவை, அதாவது தண்ணீருக்குள் கட்டும் வலைத் தொட்டியைத் தூக்கிப் பார்த்தால் ஒன்றின் வாயிலிருந்து இன்னொன்றின் வால் நீட்டிக்கொண்டிருக்கும்.

ஆகவே முதல் வேலை வலை. அதிகாலையில், வெயில் ஏறுவதற்குள், குட்டையில் தண்ணீரைப் பாதியாகக் குறைத்துவிட்டு இழுங்கள். கொடுவா வலையைத் தாண்டிக் குதிக்கும், மிதப்புக் கயிற்றைக் கையால் தூக்கிப் பிடிக்க இரண்டு ஆள் கூடுதலாக வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கன்னத்துச் செவுள் மூடியின் ஓரம் ரம்பம் மாதிரி இருக்கும், கீழே ஒரு முள்ளும் உண்டு, வழுக்குகிறதே என்று இறுக்கிப் பிடித்தால் விரல் கிழியும். பிடித்த மீனை மூன்றாகப் பிரியுங்கள்: 5 அங்குலத்துக்குக் கீழ், 5 முதல் 7 வரை, அதற்கு மேல். பிரிக்கும் தொட்டியில் கிராம்பு எண்ணெய் சில சொட்டு விட்டால் மீன் மயங்கி நிற்கும், செதில் உதிராது. ஆனால் முதலில் நாலைந்து மீனில் மட்டும் பார்த்துவிட்டுச் செய்யுங்கள், அளவு மீறினால் மயக்கம் தெளியாது.

அந்த மூன்றாவது கூட்டம், அதாவது ஷூட்டர்களை, பழக்கவே வேண்டாம். அவை ஏற்கனவே வேட்டையில் கைதேர்ந்தவை. தனியாக ஒரு சின்னக் குட்டையில் ஜிலேபியோடு விட்டுவிடுங்கள், அவை பாட்டுக்கு வளரட்டும்.

மற்ற இரண்டையும் எங்கே வைப்பது? தார்ப்பாய்த் தொட்டியோ சிமெண்ட் தொட்டியோ இருந்தால் அதுவே நல்லது. இல்லையென்றால் ஹாப்பா. ஹாப்பா போட்டால் ஒரு விஷயத்தில் நான் ஏமாந்த கதையைக் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் தடவை நான் விரல் நுழைகிற கண்ணுள்ள வலையில் ஹாப்பா தைத்து அதே குட்டையிலேயே கட்டினேன். ஒன்பது நாள் ஆயிற்று, ஒரு மீன் பெல்லட்டைத் தொடவில்லை, ஆனால் எல்லாம் வயிறு புடைத்துக் கொழுகொழுவென்று இருந்தன. பட்டினி போட்ட மீன் எப்படி இப்படி இருக்கும் என்று ஒன்றை அறுத்துப் பார்த்தால், உள்ளே ஆறு ஜிலேபிக் குஞ்சு. வலைக் கண் வழியாக அதுவாகவே நீந்தி உள்ளே வந்து இரையாகிக்கொண்டிருந்திருக்கிறது. நான் சாப்பாட்டை நிறுத்தியதாக நினைத்துக்கொண்டிருந்தேன், குட்டை அவர்களுக்கு வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தது. அதனால் 4 மில்லிமீட்டருக்கு மேல் கண் உள்ள வலை வேண்டாம். சின்னக் கண் வலையில் பாசி சீக்கிரம் அடைக்கும், நாலு நாளைக்கு ஒரு முறை தேய்த்துக் கழுவத்தான் வேண்டும், வேறு வழியில்லை.

2 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீர் உள்ள ஹாப்பாவில் உங்கள் அளவு மீன் 250, 300 விடலாம். நெரிசலாக இருக்கிறதே என்று தோன்றும். தோன்றட்டும், நெரிசல்தான் இங்கே வாத்தியார். பக்கத்து மீன் ஒன்றைப் பாய்ந்து எடுத்தால் இதுவும் பாயும். இடம் தாராளமாக இருந்தால் ஒவ்வொன்றும் ஒரு மூலையில் ஒதுங்கி நின்றுவிடும். நெரிசல் என்பதால் காற்று கட்டாயம், ஏரேட்டரை ஹாப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தால் ஆக்சிஜனோடு சேர்ந்து நீரோட்டமும் கிடைக்கும். மீன் ஓட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்கும், அந்த ஓட்டத்தில் வரும் தீவனம் அசையும். மேலே பாதிக்கு நிழல் வலை கட்டுங்கள், கொக்கும் வராது, மீனும் மிரளாது.

இனி சாப்பாடு. முதல் நாள் ஒன்றும் போடாதீர்கள். இரண்டாம் நாளிலிருந்து சங்காய மீன், அதாவது விசைப்படகில் வரும் பொடி மீன். புதுசாக, ஐஸில் வைத்ததாக இருக்க வேண்டும், நாறினது வேண்டாம். தலை, முள் நீக்கி அரைத்து, ஒரு தடவை தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டால் குட்டை கலங்காது. சுண்டைக்காயில் பாதி அளவுக்குக் கிள்ளி, ஒவ்வொன்றாக, ஓட்டத்துக்குள் விழுகிற மாதிரி போடுங்கள். மொத்தமாகக் கொட்டாதீர்கள். கொடுவா தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருக்கும் இரையைத்தான் பிடிக்கும், தரையில் போய்ப் படிந்ததைப் பெரும்பாலும் பொறுக்காது, அது கெண்டையின் வேலை. நீங்கள் போடுகிற துண்டு மேலிருந்து கீழே போய்ச் சேரும் அந்தச் சில நொடிதான் உங்கள் கையில் இருக்கிறது. அதனால் பொறுமையாக, ஒரு வேளைக்கு அரை மணி நேரம் உட்கார்ந்து போட வேண்டும். இதற்குப் பொறுமை இல்லாத ஆளை இந்த வேலைக்கு வைக்காதீர்கள், தம்பி, சம்பளம் கொடுத்தும் நடக்காது.

தினமும் ஒரே இடம், ஒரே நேரம். காலை வெளுக்கும்போதும் சாயங்காலம் மசங்கும்போதும் அது இயல்பாக வேட்டையாடும் நேரம், அந்த இரண்டையும் விடாதீர்கள், நடுவில் ஒன்றிரண்டு வேளை சேர்த்துக்கொள்ளலாம். போடுவதற்கு முன் ஹாப்பாவின் மூங்கிலை நாலு தட்டுத் தட்டுங்கள். நாலைந்து நாளில் தட்டினதும் மேலே வரும். நன்றாக எடுக்க ஆரம்பித்த மீன் சத்தம் போடும், வாயை மேலே வைத்து உறிஞ்சும்போது “டப்” என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்காமல் அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள்.

எடுக்க ஆரம்பித்தபின் அரைத்த மீனில் பெல்லட் பொடியைக் கலங்கள். கால் பங்கில் தொடங்கி, இரண்டு நாளைக்கு ஒரு முறை அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று ஏற்றுங்கள். உதிராமல் இருக்கக் கொஞ்சம் மைதா போதும். முக்கால் பங்கு வரும்போது அந்த மாவை முறுக்கு உழக்கில் பிழிந்து, தீவன அளவுக்கே நறுக்கிப் போடுங்கள், உருவமும் பழகிவிடும். இங்கே ஒரு தடை வரும். மிருதுவான துண்டை விழுங்கிய அதே மீன், காய்ந்த பெல்லட்டை வாயில் வாங்கி அரை நொடியில் துப்பும். கிட்ட உட்கார்ந்து பார்த்தால் தெரியும்: வாங்கும், துப்பும், இன்னொன்று அதையே வாங்கும், அதுவும் துப்பும். பதற வேண்டாம். வாங்கியதே பாதி வெற்றி, வாசனையும் அசைவும் அதற்குப் பழகிவிட்டது, கடினம்தான் பழகவில்லை. பெல்லட்டை மீன் அலசின தண்ணீரிலோ மீன் எண்ணெயிலோ பத்து நிமிடம் ஊறவைத்து, லேசாக மெத்தென்று ஆனதும் போடுங்கள். அப்புறம் நாள் நாளாக ஊறும் நேரத்தைக் குறையுங்கள். ஆக மொத்தம் உங்கள் அளவு மீனுக்கு இரண்டிலிருந்து மூன்று வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு போடுவது? 300 மீன், சராசரி 40 கிராம் என்றால் 12 கிலோ மீன். அரைத்த மீனாக இருக்கும்போது நாளைக்கு 700 கிராம் போதும், காய்ந்த தீவனத்துக்கு வந்தபின் அரைக் கிலோ. வயிறு நிறையப் போட்டுவிட்டால் அடுத்த வேளைக்கு ஆர்வம் இருக்காது. கொஞ்சம் பசியோடு விடுங்கள், ஆனால் ரொம்பப் பட்டினியும் போடாதீர்கள், பட்டினி அதிகமானால் பெல்லட்டுக்குப் பதில் பக்கத்து மீனைப் பார்க்க ஆரம்பிக்கும்.

ஏழாம் நாளிலும் பதினாலாம் நாளிலும் ஹாப்பாவைத் தூக்கி மறுபடி பிரியுங்கள். கையில் எடுத்தாலே தெரியும். பழகின மீன் வயிறு உருண்டு, முதுகு தடித்து, வெள்ளிக்காசு மாதிரி மின்னும். பழகாதது கறுத்து, தலை பெருத்து, வயிறு ஒட்டி, வால் பக்கம் சூம்பிக் கிடக்கும். அதைத் தனி ஹாப்பாவில் போட்டு, கூடவே பழகின மீன் இருபது முப்பதை விடுங்கள். பார்த்துக் கற்றுக்கொள்ளும், இது நிஜமாகவே வேலை செய்கிறது. அதற்கும் மசியாததை ஷூட்டர் குட்டைக்கு அனுப்பிவிடுங்கள். நூற்றுக்கு நூறு பழகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தீவனம் பற்றி. நீங்கள் வைத்திருக்கும் 28 சதவீதம் கெண்டைக்குச் சரி. இது மாமிசப் பட்சிணி, உங்கள் அளவு மீனுக்குப் புரதம் 45 சதவீதத்தை ஒட்டி, கொழுப்பு 10 சதவீதமாவது இருக்க வேண்டும். மாவுச்சத்தை அதனால் சரியாகப் பயன்படுத்த முடியாது, மலிவான தீவனத்தில் இருப்பது பெரும்பாலும் அதுதான். தின்னப் பழகினாலும் வளராது, நீங்கள் மீனைக் குறை சொல்வீர்கள். 5, 6 அங்குலத்துக்கு 2 மில்லிமீட்டரோ இரண்டரையோ போதும். பழக்கும்போது மிதப்பதைவிட மெதுவாக மூழ்குகிற ரகம் நல்லது, நன்றாகப் பழகினபின் மிதவைக்கு மாறிக்கொள்ளுங்கள், எவ்வளவு தின்றது என்று கண்ணால் பார்க்கலாம்.

இவ்வளவு கஷ்டம் எதற்கு, சங்காயத்தையே போட்டு வளர்த்துவிடலாமே என்று கேட்பார்கள். எங்கள் பக்கத்திலும் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஒரு கிலோ கொடுவா வளர ஆறு, ஏழு கிலோ சங்காயம் போகும், நல்ல பெல்லட் என்றால் ஒன்றரை, இரண்டு கிலோ. உங்கள் ஊர் விலையைப் பெருக்கிப் பாருங்கள். அது போக, சாளை, நெத்திலி மாதிரி மீனையே தொடர்ந்து பச்சையாகக் கொடுத்தால் அவற்றில் உள்ள ஒரு நொதி வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும், மீன் சுருண்டு சுருண்டு நீந்திச் சாகும். நோயும் கூடவே வரலாம். இதெல்லாம் விட முக்கியமானது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கிழக்குக் கரையில் விசைப்படகு கடலுக்குப் போகாது, சங்காயமும் வராது. வெயில் காலம், மீன் நன்றாகத் தின்று வளர வேண்டிய நேரம், கையில் இரை இருக்காது. நான் பெல்லட்டுக்கு மாறினதே அப்படி ஒரு வைகாசியில் ஊர் ஊராகப் பொடி மீனுக்கு அலைந்தபின்தான்.

அமெரிக்காவில் குளத்துக்காரர்கள் லார்ஜ்மவுத் பாஸ் என்ற நன்னீர் மீனை இப்படித்தான் பழக்குகிறார்கள். பெயரில் பாஸ் இருக்கிறதே தவிர நம் கொடுவாவுக்குச் சொந்தம் இல்லை, ஆனால் குணம் அச்சு அசல். அவர்களும் ஒன்றரை, இரண்டு அங்குலத்தில் குளத்திலிருந்து அள்ளி, அளவு பிரித்து, தொட்டியில் நெருக்கிப் போட்டு, அரைத்த மீனில் தொடங்கி பெல்லட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். சீனாவில் அதே மீனை லட்சக்கணக்கான டன் வளர்க்கிறார்கள். அந்த அமெரிக்கக் குளத்துக்காரர்களும் பொதுவாகத் திறந்த குளத்தில் வைத்துப் பழக்குவதில்லை.

அந்த ஒன்றரை அங்குலம் என்பதைக் கவனியுங்கள். மீன் சின்னதாக இருக்கும்போது பழக்குவது சுலபம், ஒவ்வொரு அங்குலத்துக்கும் பிடிவாதம் கூடும். நம் ஊர் குஞ்சு பொரிப்பகத்தில் பொரித்ததிலிருந்து முதலில் ரோட்டிஃபர், அப்புறம் ஆர்ட்டீமியா என்று உயிர் இரை கொடுத்து, மூன்று வாரம் தாண்டியதும் தூள் தீவனத்துக்கு மாற்றத் தொடங்குவார்கள். முட்டுக்காட்டில் சிபா என்கிற மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு நிறுவனம் 1997-இல் நம் நாட்டில் கொடுவாவை முதன்முதலாகக் குஞ்சு பொரிக்க வைத்த காலத்திலிருந்து இதில் கைபழகியிருக்கிறது, சீர்காழிப் பக்கம் தொடுவாயில் ராஜீவ் காந்தி நீருயிரி வளர்ப்பு மையத்தின் பொரிப்பகமும் இருக்கிறது. அதாவது, நீங்கள் வாங்கின குஞ்சு பொரிப்பகத்துக் குஞ்சு என்றால் அது அநேகமாகத் தீவனம் தின்றுகொண்டுதான் இருந்திருக்கும். இரண்டு மாதம் ஜிலேபிக் குட்டையில் விட்டு நீங்கள் மறக்க வைத்துவிட்டீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் இதையே செய்தவன். அதில் ஒரு நல்லதும் இருக்கிறது, ஒரு முறை தெரிந்த மீன் இரண்டாம் முறை சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். முகத்துவாரத்தில் பிடித்த குஞ்சு என்றால் முழு மூன்று வாரமும் பிடிக்கும். அடுத்த முறை வாங்கும்போது வாங்குகிற இடத்திலேயே உங்கள் கண் முன்னால் தீவனம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், நரம்பு நோய் வைரஸுக்கு பிசிஆர் பார்த்த தாளையும் கேளுங்கள். முதல் இரண்டு மாதம் ஹாப்பாவை விட்டு வெளியே விடாதீர்கள்.

பழகினபின் திரும்பக் குட்டையில் விடுவதற்கு முன் ஜிலேபியை ஒழிக்க வேண்டும், குட்டையைக் காயப்போட்டால்தான் அது முழுசாக ஒழியும். விட்டதும் ஒரு மூலையை வலையால் அடைத்து அதற்குள் பத்து நாள் வைத்துத் தீவனம் போடுங்கள், அப்புறம் வலையை எடுத்தாலும் சாப்பாட்டுக்கு அந்த மூலைக்கே வரும். மேகமூட்டமான விடியற்காலையில் ஆக்சிஜன் குறைவாக இருக்கும், அன்றைக்கு வெயில் வந்தபின் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் செம்மண்ணாகக் கலங்கினால் தீவனம் எடுப்பது விழுந்துவிடும், பழக்கம் போய்விட்டது என்று பயப்படாதீர்கள், கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். மார்கழிக் குளிரிலும் குறையும்.

கடைசியாக ஒன்று, உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். வலை போட்டு எண்ணிப் பார்த்து மொத்தமே 300 மீன்தான் தேறுகிறது என்றால், இந்தத் தடவை பழக்கவே வேண்டாம். முக்கால் ஏக்கருக்கு 300 கொடுவா என்பது ஜிலேபியே பார்த்துக்கொள்ளக்கூடிய எண்ணிக்கை. நீங்கள் வாங்கி வைத்திருக்கும் அந்தக் கெண்டைத் தீவனத்தை ஜிலேபிக்குப் போடுங்கள், ஜிலேபி குஞ்சு பொரிக்கும், குஞ்சைக் கொடுவா தின்னும். 600-க்கு மேல் இருந்தால் இந்த வாரமே ஹாப்பா கட்டுங்கள், சங்காயம் கிடைக்க இன்னும் நாலு வாரம்தான் இருக்கிறது. எண்ணிக்கை தெரிய வலை போடும்வரை பொறுக்க முடியாவிட்டால் இன்று ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு கரையைச் சுற்றி வாருங்கள். வெளிச்சம் பட்டால் கொடுவாவின் கண் சிவப்பாக ஜொலிக்கும், ஜிலேபியிலிருந்து தனியாகத் தெரியும். துல்லியமாக எண்ண முடியாது, ஆனால் நூறா ஆயிரமா என்பது தெரிந்துவிடும்.